தாக்குவது யார், காப்பது யார்?

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையேறுகிறவர் பாட வேண்டும், இல்லாவிட்டால் காலட்சேபம் செய்ய வேண்டும். நான் கிரிக்கெட் பேச வந்திருக்கிறேன். ஊர் கோபித்துக்கொள்ளாது என்று தைரியம். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடு குடியிருந்தது இங்கே, லஸ் ஹவுஸில். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்திய ஆட்டக்காரர்களுக்கு மரியாதை இல்லை என்று கண்டு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் அவர். ஆகவே கபாலீசுவரர் பேட்டையில் பந்தைப் பற்றிப் பேசுவது ஒன்றும் அபசாரம் இல்லை.

எனக்குத் தந்த தலைப்பு, விளையாட்டில் தாக்குதலும் தற்காப்பும். நான் அதைக் கிரிக்கெட்டுக்குள், அதிலும் கல்லூரிப் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டுக்குள் சுருக்கிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கிரிக்கெட்டில் தாக்குகிறவர் யார்? இன்றைய பையனைக் கேட்டால் யோசிக்காமல் பேட்ஸ்மேன் என்பான். சிக்ஸர் அடிக்கிறவர் அவர்தானே! ஆனால் ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று குச்சி நட்டு வைத்திருக்கிறது. ஒருவர் அதைச் சாய்க்க ஓடி வருகிறார். இன்னொருவர் கையில் ஒரு கட்டையோடு முன்னால் நின்று மறிக்கிறார். இதில் தாக்குகிறவர் பந்து போடுகிறவர், பேட்ஸ்மேன் காவல். ரன் என்பது காவல் காத்த நேரத்தில் கிடைத்த வருமானம். நெடுங்காலம் ஆட்டம் இப்படித்தான் இருந்தது. இன்று இது தலைகீழாகிவிட்டது. பந்துவீச்சாளர் இன்று விக்கெட் எடுப்பதைவிட, நான்கு போகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே பந்து போடுகிறார். தாக்க வேண்டியவர் காவல்காரர் ஆகிவிட்டார். சமநிலை கெட்டது இங்கேதான் என்பது என் வாதம். ரன் ஏறியதால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இரண்டு முனைகளைக் காட்டுகிறேன். முதலாவது, 1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், நம் சேப்பாக்கத்தில், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். மைசூர் 48. மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி, எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மெட்ராஸின் ஏ.ஜி. ராம்சிங் 19 ரன்னுக்கு ஆறு, 16 ரன்னுக்கு ஐந்து என்று பதினொரு விக்கெட் எடுத்தார். மொத்தம் 237 ரன், 30 விக்கெட்.

இதற்கு நேர் எதிர் முனை, 2024 ஏப்ரல் 15, பெங்களூரு. ஐபிஎல்லில் ஐதராபாத் இருபது ஓவரில் 287. பதிலுக்குப் பெங்களூரு 262. நாற்பது ஓவரில் 549 ரன், பத்து விக்கெட். இரண்டையும் நான் சமநிலை இல்லாத ஆட்டம் என்றே சொல்வேன். ஒன்றில் காவலுக்கு வழியில்லை, இன்னொன்றில் தாக்குதலுக்கு வழியில்லை. ஆனால் முன்னது விபத்துபோல எப்போதாவது நடக்கும். பின்னது திட்டமிட்டு நடக்கிறது.

எப்படி என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இருபது ஓவர் என்றால் 120 பந்து, கையில் பத்து விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து. ஐம்பது ஓவர் என்றால் 300 பந்து, விக்கெட்டுக்கு 30. டெஸ்ட் ஆட்டத்தில் பந்துக்கு வரம்பே இல்லை. ஒரு நாளில் 90 ஓவர் என்றால் 540 பந்து. விக்கெட் என்பது கையிருப்பு. நூற்றிருபது பந்தைக் கடக்கப் பத்து விக்கெட் வைத்திருப்பவருக்கு அவுட்டாவது பற்றி என்ன பயம்? விக்கெட்டின் விலை சரிந்துவிட்டது. விலை சரிந்த சரக்கை விற்க வந்தவர்தான் பந்துவீச்சாளர். அவர் எடுக்கும் விக்கெட்டால் எதிரணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்றால், ரன்னைத் தடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

இதோடு விதிகளும் சேர்ந்துகொண்டன. ஒருநாள் ஆட்டத்தில் 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து. அதனால் எந்தப் பந்தும் இருபத்தைந்து ஓவருக்கு மேல் பழசாகவில்லை. ரிவர்ஸ் ஸ்விங் செத்தது. பந்து தேய்ந்து மெத்தென்று ஆன பிறகு கையில் வாங்கிச் சுழற்றுகிற நம்மூர் ஸ்பின்னருக்கும் அடி. 2025 ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று ஐசிசி மாற்றியிருக்கிறது. பதினான்கு வருஷம் கழித்து ஞானோதயம்.

ரன் எண்ணிக்கை சமநிலையைக் காட்டாது என்றேனே, அதற்குச் சாட்சி சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு டெஸ்டை எடுத்துக்கொள்வோம். 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியா. 2008 மார்ச், தென்னாப்பிரிக்கா. முதலாவதில் நான்கு இன்னிங்ஸும் சேர்த்து 1,488 ரன். இரண்டாவதில் மூன்றே இன்னிங்ஸில் 1,498. பத்து ரன்தான் வித்தியாசம். ஆனால் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க யாருக்கும் மனசு வராது.

2008 இல் தென்னாப்பிரிக்கா 540, இந்தியா 627. சேவாக் 319. முந்நூறை 278 பந்தில் தொட்டார். அந்த இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐந்து நாளில் விழுந்தது 25 விக்கெட். ஆட்டம் டிரா. கடைசி நாள் யாருக்கும் எதுவும் நினைவில்லை.

1986 இல் ஆஸ்திரேலியா 574க்கு 7, டிக்ளேர். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் அடித்த 210 அதில் அடக்கம். இந்தியா 397, கபில்தேவ் 119. ஆஸ்திரேலியா 170க்கு 5, மறுபடி டிக்ளேர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் தோற்கவே முடியாத நிலையில் இருந்தார். இன்னும் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் டிரா நிச்சயம். அவர் ஆடவில்லை. கடைசி நாள் முழுவதையும் இந்தியாவிடம் கொடுத்து, 348 ரன் எடுத்துக்கொள் என்றார். எதிராளிக்கு வெல்ல ஒரு வாய்ப்பைக் கொடுத்தால்தான் தன் பந்துவீச்சாளர்களுக்கு விக்கெட் எடுக்க வாய்ப்பு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதுவும் தாக்குதல்தான், மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் செய்கிற தாக்குதல். இந்தியா துரத்தியது. துரத்தியதால் விக்கெட் விழுந்தது. கிரெக் மேத்யூஸ் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்தாகப் பத்து எடுத்தார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. இந்தியா 347. ஆஸ்திரேலியா மொத்தம் 744, இந்தியா மொத்தம் 744. டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை. விழுந்த விக்கெட் 32. 2008க்கும் இதற்கும் நடுவே இருந்தது ஏழு விக்கெட்டும் ஒரு கேப்டனின் துணிச்சலும்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த பாகிஸ்தான் டெஸ்டை இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பாகிஸ்தான் 238, இந்தியா 254, பாகிஸ்தான் 286, இந்தியா 258. ஒரு இன்னிங்ஸ்கூட முந்நூறைத் தொடவில்லை. அஃப்ரிடி 141 அடித்தார், டெண்டுல்கர் 136 அடித்தார். கும்ப்ளே ஆறு, வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்னுக்கு ஆறு, சக்லைன் முஷ்டாக் பத்து. நல்ல பேட்ஸ்மேனுக்கும் கூலி கிடைத்தது, நல்ல பந்துவீச்சுக்கும் கிடைத்தது. டெண்டுல்கர் ஆட்டமிழக்கும்போது தேவை பதினேழு. கடைசி மூன்று விக்கெட் நான்கு ரன்னில் போனது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். நான் அதை ரசனை என்பேன். நான்கு நாளும் யார் தாக்குகிறார்கள், யார் காக்கிறார்கள் என்று சொல்ல முடியாத ஓர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

சரி, பிட்ச். சென்னை கிளப் மைதானங்களில் பிட்சைப் பார்த்துக்கொள்கிறவரை மார்க்கர் என்போம். அவருக்குப் பத்திரிகையில் பெயர் வராது. ஆனால் ஆட்டத்தின் பாதி அவர் கையில். பந்து முதல் நாள் மட்டைக்கு நன்றாக வந்து, மூன்றாம் நாள் திரும்பத் தொடங்கி, ஐந்தாம் நாள் பேட்ஸ்மேனைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும். இந்த வரிசை ஒழுங்காக அமைந்தால் விதிப்புத்தகம் செய்யாததை மண்ணே செய்துவிடும். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் அதுதான் நடந்தது. இங்கிலாந்து 477. இந்தியா 759க்கு 7, கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. செத்த பிட்ச் என்று எல்லோரும் முடிவு கட்டியாகிவிட்டது. ஐந்தாம் நாள் இங்கிலாந்து விக்கெட் இழக்காமல் 103. அங்கிருந்து 207க்கு ஆல் அவுட். ஜடேஜா 48 ரன்னுக்கு ஏழு. 759 ரன் என்கிற பாரம் முதுகில் இருந்ததால்தான் அந்த ஏழும் வந்தது.

பிட்சைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு நம்மூரிலேயே பாடம் இருக்கிறது. 1972–73 ரஞ்சி இறுதி ஆட்டம், சேப்பாக்கம், எதிரணி பம்பாய். நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும். பந்து நன்றாகத் திரும்பும் பிட்ச். திரும்பியது. பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு எட்டு, அடுத்ததில் 18 ரன்னுக்கு ஐந்து. நம் ஸ்பின்னர்களுக்குக் கோலம் போட்டு வைத்த வாசலில் அவர் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்.

அதே ரஞ்சி, 2012 ஜனவரி இறுதி ஆட்டம், மறுபடி சேப்பாக்கம். இந்த முறை எதிர்ப்பக்கக் கோளாறு. ராஜஸ்தான் முதலில் ஆடி 621. விநீத் சக்சேனா 257. தமிழ்நாடு 295. ஆட்டம் டிரா, கோப்பை ராஜஸ்தானுக்கு. முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றவருக்குக் கோப்பை என்பது விதி. ராஜஸ்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி சொன்னபடி ஆடினார்கள். ஆனால் விதி என்ன சொல்கிறது? இருபது விக்கெட் எடுக்கத் தேவையில்லை, பத்து போதும், அதற்குமுன் அசையாமல் இரண்டரை நாள் ஆடு என்கிறது. டி20 பந்துவீச்சாளரைக் காவல்காரர் ஆக்கியது என்றேன். இந்த விதி பேட்ஸ்மேனையும் பந்துவீச்சாளரையும் சேர்த்தே காவலுக்கு உட்கார வைக்கிறது. லீக் கட்டத்தில் நேரடி வெற்றிக்கு ஆறு புள்ளி, முன்னிலைக்கு மூன்று. இறுதி ஆட்டத்தில் அந்த வித்தியாசமும் இல்லை.

சட்டம் போடுகிற பெரிய மனிதர்களைவிடத் தெருப் பையன்கள் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல ஆட்டம். ஒருவரின் மிட் ஆன் இன்னொருவரின் ஸ்லிப்பில் நிற்பார். தெருவுக்கு வந்தால் இடம் இன்னும் சுருங்கும். அதற்கேற்ப விதி. பந்து நேராக யார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளாவது விழுந்தால் அவுட். ஒரு குத்து குத்தி எழும் பந்தைப் பிடித்தால் அதுவும் அவுட், ஒன் பிட்ச் கேட்ச். ஓங்கி அடிப்பது சுலபமாகிவிட்டது என்றவுடன் அதற்கு ஓர் அபாயத்தை வைத்துவிட்டார்கள். கபடியிலும் இந்த ஞானம் உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி, சூப்பர் டேக்கிள். ஆள் குறைந்த காவலுக்குக் கைகொடுக்கும் விதி அது. கிரிக்கெட்டை நடத்துகிறவர்கள் மட்டும் ஜெயித்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கே மேலும் மேலும் வாரி வழங்குகிறார்கள். பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுப்பார்கள், நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் தருவார்கள். எல்லாம் ஒரே திசையில்.

இதன் உச்சம் இம்பாக்ட் பிளேயர். 2022 அக்டோபரில் சையது முஷ்டாக் அலி கோப்பையில் வெள்ளோட்டம் விட்டு, 2023 இல் ஐபிஎல்லில் கொண்டுவந்தார்கள். பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேர். பேட்டிங்கின்போது ஒரு பேட்ஸ்மேன், பந்துவீசும்போது அவருக்குப் பதில் ஒரு பந்துவீச்சாளர். இரண்டு பக்கத்துக்கும் நியாயம்தானே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். ஆனால் விக்கெட்டின் விலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். எட்டாவது ஆளும் அடிக்கத் தெரிந்தவர் என்றால் முதல் ஆளுக்கு என்ன பொறுப்பு?

அமெரிக்கக் கல்லூரிகள் இந்தப் பாதையில் எப்போதோ போய்விட்டன. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் நம் கால்பந்து இல்லை, கையில் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். தாக்கும்போது ஒரு பதினொருவர், காக்கும்போது வேறு பதினொருவர். 1953 இல் விதியை மாற்றி, ஒரே ஆட்கள்தான் இரண்டும் செய்ய வேண்டும் என்ற பழைய முறைக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாண்டுக்குமேல் அது ஓடியது. 1960களின் நடுவில் மறுபடி இஷ்டம்போல ஆளை மாற்றலாம் என்று திறந்துவிட்டார்கள். அதன்பின் தாக்குதலுக்குத் தனிப் பயிற்சியாளர், தற்காப்புக்குத் தனிப் பயிற்சியாளர், தனித் தனிச் சித்தாந்தம். அவர்களுடைய ஆட்டத்துக்கு அது பொருந்துகிறது, ஆயிரக்கணக்கானோர் அரங்கு நிறைந்து பார்க்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது. ஏனென்றால் கிரிக்கெட்டில் பதினொன்றாவது ஆளும் மட்டை பிடித்தே ஆக வேண்டும். மணீந்தர் சிங் ஆட வந்ததால்தான் 1986 டை ஆனது.

இந்த இம்பாக்ட் பிளேயர் விதியில் நம் ஊர்ப் பையன் ஒருவர் மாட்டிக்கொண்டார். வாஷிங்டன் சுந்தர். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஆட்டத்தில் நான்கு விக்கெட், முதல் இன்னிங்ஸில் 62 ரன். அப்படிப்பட்டவர் 2024 ஐபிஎல்லில் ஆடக் கிடைத்தது இரண்டே ஆட்டம். கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பந்துவீச்சு என்கிறவருக்கு இம்பாக்ட் பிளேயர் உலகத்தில் இடம் ஏது? ரோஹித் சர்மாவே அந்த விதி ஆல்ரவுண்டர்களை வளரவிடாது என்று வெளிப்படையாகச் சொன்னார், வாஷிங்டனின் பெயரையும் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் புனேயில் வாஷிங்டன் நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு ஏழு. 2025 ஜூலையில் மான்செஸ்டரில், தோல்வி நிச்சயம் என்ற நிலையில் ஜடேஜாவோடு நின்று ஆட்டமிழக்காமல் 101. ஒன்று தாக்குதல், ஒன்று காவல், இரண்டும் ஒரே ஆள். உள்நாட்டு டி20இல் அந்த விதியை வாரியம் கைவிட்டுவிட்டது. ஐபிஎல்லில் 2027 வரை நீடிக்கிறது. வியாபாரம் வேறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அஸ்வினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? மாம்பலத்துக்காரர், சிறு வயதில் தொடக்க ஆட்டக்காரர், தெரு ஆட்டத்தில் பார்த்த சொடக்குப் பந்தைச் சர்வதேச ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். 537 டெஸ்ட் விக்கெட், ஆறு சதம். ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் நான்கு முறை, அதில் இரண்டு சேப்பாக்கத்தில். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து இந்தப் பிட்சில் எப்படி ஆடுவது என்று முகம் சுளித்தபோது, இங்கிலாந்தை 134க்குச் சுருட்டிய அதே கை இரண்டாவது இன்னிங்ஸில் 106 அடித்தது. பிட்ச் பற்றிய வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

இந்த மாதிரி ஆட்கள் எங்கே தயாராகிறார்கள்? நான் கல்லூரியில் என்பேன். கிண்டி பொறியியல் கல்லூரியைப் பாருங்கள். வெங்கட்ராகவன் அங்கே படித்தவர். 57 டெஸ்ட், 156 விக்கெட், 1971 மேற்கிந்தியத் தொடரில் இந்தியாவின் சார்பில் அதிகபட்சமாக 22. ஓர் ஓவரில் ஒரு தப்புப் பந்து கிடைக்காது. அதே கல்லூரியில் பின்னால் வந்தவர் நம் வித்யா மந்திர் பையன் ஸ்ரீகாந்த். முதல் பந்திலிருந்தே சுழற்றுவார். 1983 இறுதி ஆட்டத்தில் லார்ட்ஸில் அவர் அடித்த 38தான் அன்றைய ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன். காவலுக்கும் தாக்குதலுக்கும் ஒரே கல்லூரி வார்த்த இரண்டு உருவம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெங்கட் மட்டை பிடித்து ரன் சேர்ப்பார், பேட்ஸ்மேனின் மூக்குக்கு நேரே நின்று கேட்ச் பிடிப்பார். ஸ்ரீகாந்த்? 1988 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிரான ஒரே ஒருநாள் தொடரில் இரண்டு முறை ஐந்து விக்கெட் எடுத்தவர். சிரிக்காதீர்கள், ஸ்கோர்கார்டில் இருக்கிறது!

அப்படி ஒருவர் இரண்டு வேலையும் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது நான்கு ஓவர். இருபத்து நான்கு பந்தில் ஒரு பேட்ஸ்மேனை எப்படி யோசித்து வீழ்த்துவது? ஒரு பந்தை மேலே தூக்கிப்போட்டு நான்கு கொடுத்து, அடுத்த ஓவரில் அதே இடத்தில் வலை விரிக்கிற வித்தை வி.வி. குமாருக்கு 599 முதல்தர விக்கெட்டைக் கொடுத்தது. இன்றைய கல்லூரிப் பையன் அந்த நான்கைக் கொடுத்தால் கேப்டன் அவனை எடுத்துவிடுவான். அடுத்த ஓவர் வராது.

சென்னை லீகின் முதல் டிவிஷனில் பல நாள் ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது நம் அதிர்ஷ்டம். கல்லூரிகளுக்கு இடையில் என் கண்ணில் படுவது பெரும்பாலும் ஓவர் கணக்கு ஆட்டம்தான். இடமில்லை என்கிறார்கள், தேர்வு என்கிறார்கள். விவேகானந்தா கல்லூரிக்கு மயிலாப்பூர் நடுவில் மைதானம் இருக்கிறது. அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்துக்குள் கெம்ப்ளாஸ்ட் மைதானம் இருக்கிறது. மெரினா இருக்கிறது.

இங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு இரண்டு ஆட்டமாவது இரண்டு நாள் ஆட்டமாக வையுங்கள். ஓவர் வரம்பு வேண்டாம். முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். வென்றால் புள்ளி, இல்லையென்றால் இல்லை. டிக்ளேர் செய்து தோற்ற கேப்டனைத் திட்டாதீர்கள். ஓப்பனிங் பேட்ஸ்மேனை வலையில் தினம் அரை மணி பந்துபோட வையுங்கள், பத்தாம் நம்பர் பையனுக்கு அரை மணி பேட்டிங் கொடுங்கள். மார்க்கரிடம் போய், முதல் நாள் பேட்ஸ்மேனுக்கு, இரண்டாம் நாள் மதியத்திலிருந்து பந்துவீச்சாளருக்கு என்று ஒரு பிட்ச் கேளுங்கள், அவருக்குத் தெரியும். செலவு மதிய சாப்பாடும் இரண்டு பந்தும். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் உங்கள் கல்லூரியில் பேசிப் பாருங்கள்.